சிரசாசனம்: கழுத்து பிடித்துக்கொண்ட பிறகு கற்றது

யாராவது உங்கள் காலைப் பிடித்துத் தூக்கிச் சிரசாசனத்தில் நிறுத்த வந்தால், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. 6 வாரம் கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தேன்.

சூரிய நமஸ்காரம், சர்வாங்காசனம் எல்லாம் 4 வருஷமாகச் செய்கிறேன். சிரசாசனம் மட்டும் வரவில்லை. நான் போன வகுப்பில் 30 பேருக்கு ஒரே மாஸ்டர். "உங்களுக்குப் பயம்தான், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லி, என் கணுக்கால்களைப் பிடித்துச் சுவரோரம் ஏற்றிவிட்டார். முழங்கை எங்கே இருக்கிறது, தலையின் எந்த இடம் தரையில் படுகிறது என்று குனிந்து பார்க்கவே இல்லை. அன்று இரவே கழுத்து இறுகிவிட்டது. மறுநாள் வண்டி ஓட்டும்போது பின்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்பில் ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான் என்றார். நிம்மதியைவிட எனக்குக் கோபம்தான் அதிகம்.

வலி விட்டதும் வீடியோக்களாகப் பார்த்தேன். குழப்பம் கூடியது. எடை முழுக்க உச்சந்தலையில்தான் இருக்க வேண்டும், கைகள் தள்ளாடாமல் இருக்க மட்டுமே என்பது யோகா குரு பி.கே.எஸ். அய்யங்கார் எழுதியது. இன்னொரு யோகா குருவான பட்டாபி ஜோயிஸ் வழியில் வந்தவர்களோ முன்கையில்தான் நிற்கிறார்கள். இரண்டு குருமாருமே கிருஷ்ணமாச்சாரியார் என்ற ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள்!

எங்கள் பின்தெருவில் மொட்டைமாடியில் சொல்லித்தரும் ஓர் அம்மாவிடம் இதைக் கேட்டேன். 60 வயதுக்கு மேல் இருக்கும். "ரெண்டும் சரிதாம்மா. உன் தோளுக்கு இப்ப முன்கையில நிக்கிறதுதான்" என்றார். வஜ்ராசனத்தில், அதாவது மண்டியிட்டுக் குதிகால் மேல், உட்கார வைத்து, வலது கையால் இடது முழங்கையையும் இடது கையால் வலது முழங்கையையும் பிடிக்கச் சொன்னார். அப்படியே தரையில் வைத்தால் அதுதான் முழங்கைகளுக்கான இடைவெளி. நான் அதைவிட ஒரு சாண் அகலமாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். முழங்கை விரிந்தால் தோள் காதோடு ஒட்டிவிடும். பாரமெல்லாம் கழுத்தில் போய் உட்காரும். போதாததற்கு, உச்சந்தலைக்குப் பதில் நெற்றிப்பக்கம் ஊன்றியிருக்கிறேன். அதில் கழுத்து பின்னால் மடங்குகிறது.

ஒன்றரை மாதம் ஏறவே விடவில்லை. முன்கைகளை ஊன்றி, தலை தரையில் படாமல், இடுப்பை மட்டும் உயர்த்தி நிற்பதுதான் பயிற்சி. டால்பின் என்பார்கள். முதல் வாரம் 20 எண்ணுவதற்குள் தோள் நடுங்கியது. ஒரு நிமிஷம் நிற்க வந்த பிறகே தலையை வைக்கச் சொன்னார்.

துள்ளி ஏறாதீர்கள். பாதங்களை முகத்தை நோக்கி மெல்ல நடத்தி வாருங்கள். இடுப்பு தோளுக்கு நேர் மேலே வரும்போது கால் தானாக லேசாகும். முழங்காலை மடித்து வயிற்றோடு வைத்து 5 மூச்சு நிற்க முடியாவிட்டால், அன்றைக்கு அவ்வளவுதான், இறங்கிவிடுங்கள்.

இரத்தக் கொதிப்பு, கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம். தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அந்த மாஸ்டர் 30 பேரில் ஒருவரிடமும் இதைக் கேட்கவில்லை. இன்றுவரை என்னால் அதை மன்னிக்க முடியவில்லை.

போன வியாழக்கிழமை, நாலாக மடித்த ஜமுக்காளத்தில் தலையை வைக்கும் முன் அந்த அம்மா ஒரு மளிகைக்கடை பில்லை அங்கே போட்டார். தலையில் பாரம் இறங்காவிட்டால் அது உருவ வரும். கால்களை நீட்டி நின்றதும், "முன்கையை அழுத்து, தோளைத் தூக்கு" என்றபடி பில்லை இழுத்தார். வரவில்லை. இன்னும் அழுத்தினேன். காதோரம் சரசரவென்று உரசிக்கொண்டு, கிழியாமல் வந்துவிட்டது.

12 மூச்சு நின்றேன். இறங்கி, மண்டியிட்டுக் குனிந்து படுக்கும் பாலாசனத்தில் நெற்றியை ஊன்றியபோது அழுகை முட்டியது. அந்த அம்மா பில்லை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, "சட்டுனு எழுந்திரிக்காத" என்றார்.