மாரி மாதங்களும் சபையின் ஏழைகள் நிதியும்

திருகோணமலையின் திருக்கடலூர், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வாடைக்காற்று எழுந்துவிட்டால் முதலில் காட்டிக்கொடுப்பது சபையின் காணிக்கைப் பை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை கடல் குழம்பிக் கிடக்கும், சின்னப் படகுகள் நாள்கணக்கில் கரையில் கிடக்கும். காணிக்கை சுருங்கும் அதே கிழமைகளில்தான் உதவி கேட்டு வருகிறவர்கள் கூடுவார்கள். நடுவில் கிறிஸ்மஸ் வேறு. உடுப்பு, கேக், பிள்ளைகளின் எதிர்பார்ப்பு எல்லாம் ஒன்றாகத் தலையில் வந்து விழும்.

ஆகவே மாரிக்கான காசை மாரியில் தேடக்கூடாது. மாதம் 15,000 ரூபா ஏழைகள் நிதிக்கு வரும் ஒரு சின்னச் சபையை எடுத்துக்கொள்வோம். மார்ச் முதல் ஒக்டோபர் வரை எட்டு மாதமும் அதில் 6,000 ரூபாவைத் தொடாமல் தனிச் சேமிப்புப் புத்தகத்தில் போட்டால் 48,000 ரூபா சேரும். நவம்பர், டிசெம்பர், ஜனவரி ஒவ்வொன்றுக்கும் 16,000. மாதாந்த உதவிக்கு மிச்சம் 9,000 இருக்கிறது. கணக்கு அவ்வளவு எளிது. கெடுவது ஜூலையில். ஆலயக் கூரை ஒழுகும், மின்சாரப் பட்டியல் ஏறும், "அந்தப் புத்தகத்தில் இருந்து எடுப்போம், அடுத்த மாதம் போட்டுவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். அந்த அடுத்த மாதம் வந்ததாக எந்தச் சபையின் கணக்குக் கொப்பியும் சொல்லாது. புத்தகத்தைத் தனியாக வைப்பதோடு, அதிலிருந்து வேறு செலவுக்கு எடுக்க முடியாது என்று சபைக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதியும் வைக்க வேண்டும்.

காசு யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரமே போதும். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது. பன்னிருவரும் அந்த வேலையைத் தாங்களே இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முறையிட்டவர்களின் பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்திருக்கிறார்கள் போலும். ஏழைகள் நிதியைப் பார்க்கும் நம்முடைய குழுவில் மூன்று பேர் போதும். ஒருவராவது கடற்கரைக் குடும்பத்தவராக, ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். மூவரும் ஒருவருக்கொருவர் உறவுக்காரராக இருக்கக்கூடாது.

போதகர் அந்த மூவரில் ஒருவராக இருக்கவே கூடாது என்பது என் பிடிவாதம். காசு அவர் கையில் இருந்தால், அவர் குடியிருக்கும் மிஷன் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் காசு கேட்க வந்தவராகத் தெரிவார். வருகிறவரும் அப்படியே நினைப்பார். கணவன் அடிக்கிறான் என்று சொல்ல வந்த பெண், பக்கத்தில் யாரோ உதவிப் பணத்துக்கு நிற்பதைக் கண்டால் ஒன்றும் பேசாமல் திரும்பிவிடுவாள். தேவை போதகருக்குத்தான் முதலில் தெரியவரும், அது உண்மை. அவர் குழுவிடம் சொல்லலாம். தொகையைத் தீர்மானிப்பது குழு.

கடனாகக் கொடுக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். சபைக்குக் கடன்பட்டவர் தவணை தவறிய மறு ஞாயிறு ஆராதனைக்கு வரமாட்டார். இரண்டு மாதத்தில் காசும் போய், ஆளும் போய்விடும். கொடுப்பதைக் கொடையாகவே கொடுங்கள். கடல் திறந்தபின் திருப்பித் தர விரும்புகிறவர் உண்டியலில் போடட்டும், பெயர் எழுத வேண்டாம்.

குழுக்கடன் விஷயம் இதைவிடச் சிக்கல். ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கும் நுண்கடனில் ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அந்த ஐவரும் ஒரே சபையாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வாங்கில் யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதே மாறிவிடும். கிழமைக் காசு வசூலிக்க ஆள் வரும் நாளில் வீட்டு ஜெபக் கூட்டம் வைத்துவிட்டு, பெண்கள் வரவில்லையே என்று குறைப்படுவதில் பிரயோசனமில்லை. நாளைக் கேட்டு மாற்றுங்கள். குழுவிலிருந்து போகிறவர் ஒப்பந்தத்தை வாங்கி வாசிக்க வேண்டும்: கடனின் முதல் எவ்வளவு, கிழமைக்கு எவ்வளவு, எத்தனை தவணை மிச்சம், தாமதக் கட்டணம் என்ன. 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற கம்பனிகளின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. அதில் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஒரு தவணையை மட்டும் சபைப் பணத்தில் கட்டுவது ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. கடனை முழுதாக முடிக்க முடிந்தால் கட்டுங்கள். முடியாவிட்டால் அந்தக் காசை அரிசிக்கும் பிள்ளையின் கொப்பிக்கும் கொடுத்துவிட்டு, தவணையைத் தள்ளிப்போடக் கேட்கும்போது கூடப் போய் நில்லுங்கள்.

வீட்டுச் சந்திப்புக்குப் போகும் நேரமும் முக்கியம். இராக் கடலுக்குப் போகிறவர் காலையில் கரைக்கு வந்து, மீனை விற்று, வலையைத் துப்பரவாக்கிவிட்டு மத்தியானம் தூங்குவார். பின்னேரம் நாலு மணிக்குப் போனால் கணவனும் மனைவியும் வீட்டில் இருப்பார்கள். எப்போதும் இரண்டு பேராகப் போங்கள். தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்கு ஒரு பெண்ணாவது கூடப் போக வேண்டும். இருபது நிமிடம் போதும், சாப்பிட இருக்கக்கூடாது. என்ன நகை அடகில் இருக்கிறது, எப்போது தவணை முடிகிறது, கடைக் கடன் கொப்பியில் எவ்வளவு நிற்கிறது. இந்த மூன்றும் தெரிந்தால் மற்றது தானாகத் தெரியும்.

கடைக்குத் துண்டு எழுதிக் கொடுத்துச் சாமான் வாங்கச் சொல்வது சபைக்குப் பாதுகாப்பு, குடும்பத்துக்கு அவமானம். கடைக்காரருக்குத் தெரிந்தால் வீதிக்கே தெரியும். காசாகக் கொடுப்பதே மேல். குடிக்கிற வீடாக இருந்தால் மட்டும் வீட்டுப் பெண்ணின் கையில் கொடுங்கள், அல்லது மின்சாரப் பட்டியலைக் கட்டிவிடுங்கள். கணக்கு இலக்கம் தெரிந்தால் யாரும் கட்டலாம்.

காணிக்கை எண்ணுவதில் ஒழுங்கு சின்னது, ஆனால் தவறக்கூடாதது. ஆராதனை முடிந்தவுடன் ஆலயத்துக்குள்ளேயே, உறவில்லாத இருவர், 5,000 தாளிலிருந்து சில்லறை வரை தனித்தனி வரியில் எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும். பென்சில் வேண்டாம். மறுநாள் வங்கி, அன்று போயா (பௌர்ணமி) விடுமுறை என்றால் அடுத்த நாள். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில், எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைத் தனியாகக் கொண்டுபோகாமல் பவுல் ஆட்களைச் சேர்த்து அனுப்புகிறார், ஒருவரும் குறைசொல்ல இடம் வரக்கூடாது என்பதற்காக. பவுலுக்கே அது தேவைப்பட்டதென்றால் நம் பொருளாளர் கோபிக்க ஒன்றுமில்லை.

உதவிக் கொப்பியில் பெயருக்குப் பதில் இலக்கம். ஆண்டுக் கூட்டத்துக்கு மொத்தத் தொகையும் குடும்பங்களின் எண்ணிக்கையும் போதும். ரகசியம் வெளியே போகும் வழி அநேகமாக ஜெபக்கூட்டம்தான். "அந்தச் சகோதரியின் கடன் பாரத்துக்காக ஜெபிப்போம்" என்று தொடங்கினால் இரவு எட்டு மணிக்குள் லிங்கநகர் வரை போய்விடும்.

அயலில் இந்துக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் இருக்கிற ஊர் இது. அவர்களுக்கும் ஒரு பங்கு வையுங்கள், பத்தில் ஒன்றாவது. ஆனால் அந்த உறையோடு கைப்பிரதியோ ஆராதனைக்கு அழைப்போ போகக்கூடாது. கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று 2004 இல் பாராளுமன்றம் வரை வந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் சுனாமி வந்தபின், அரிசி மூட்டையோடு வேதாகமமும் வருகிறதா என்ற சந்தேகம் கரையோரம் எங்கும் பேசப்பட்டது. அதைக் குற்றம் சொல்ல முடியாது.

டிசெம்பரில் கரோல் போகும்போது உதவி பெறும் வீடுகளையும் விடாமல் போங்கள், ஆனால் காணிக்கை உறையை நீட்டாதீர்கள். தேத்தண்ணீர் வேண்டாம் என்பதை முதல் நாளே எல்லா வீட்டுக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் மனம் நோகாது. இளைஞர்கள் முணுமுணுப்பார்கள். கடைசி வீட்டில் கேக் ஒழுங்கு செய்துவிட்டால் சரி.

போதகருக்கு இடமாற்றம் வரும்போது பழையவர் புதியவரிடம் ஆலயத் திறப்பையும் பதிவேடுகளையும் ஒப்படைப்பார். உதவி பெறுகிறவர்களின் விவரம் குழுவிடமே இருக்கட்டும். புதியவர் எல்லா வீடுகளையும் ஒருமுறை சந்தித்து முடிக்க இரண்டு மாதம் ஆகும். அதன் பிறகு கேட்டால் சொல்லலாம்.