கிருமியற்ற குடுவையிலிருந்து நிழல்வலைக் கூடத்துக்கு

செடியின் சிறு துண்டைக் குடுவையில் வளர்த்துக் கன்றாக்கும் திசு வளர்ப்புக் கூடத்தில் வேலைக்குச் சேர்பவருக்கு முதலில் கற்றுத்தரப்படுவது பாக்டீரியாவின் மீதான பகைமைதான். செடி வளரும் சத்துக் கலவையான ஊடகம் 121 டிகிரி செல்சியஸில் கிருமி நீக்கப்படுகிறது. தண்டின் அடியில் பால்போல் வளையம் தெரிந்தால் அந்தக் குடுவை உடனே கழிக்கப்படுகிறது. இந்தப் பழக்கத்தில் ஊறியவர்களிடம் கன்றுக்குப் பாக்டீரியாவை வேண்டுமென்றே கொடுக்கலாம் என்றால் முகம் சுளிப்பார்கள்.

ஆனால் எங்களைப் போன்ற மூலிகைக் கூடங்களை நெடுங்காலமாக வருத்தும் கோளாறு ஒன்றுக்கு விடை அந்தப் பக்கத்திலிருந்தே வந்தது. மூடிய குடுவையின் ஈரப்பதத்தில் ஆரிகானோ என்ற மூலிகையின் தண்டும் இலையும் நீர்கோத்துக் கண்ணாடிபோல் ஆகிவிடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் காளிதாஸ் ஷெட்டி குழுவினர், சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியாவைக் குடுவைக்குள்ளேயே சேர்த்து இந்த நிலையைத் தடுக்க முடியும் என்று 1995இல் வெளியிட்டார்கள். அவ்வாறு வளர்ந்த தளிர்களில் நீரளவு குறைந்து, பச்சையமும் பீனால் சேர்மங்களும் கூடியிருந்தன.

ஆய்வுக்கு இது அருமையான வழி. அன்றாட உற்பத்திக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. வழக்கமான முராஷிகே-ஸ்கூக் ஊடகத்தில் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. பொருத்தமான பாக்டீரியா இனத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால், செடிக்கு வைத்த அந்த விருந்தைப் பாக்டீரியாவே தின்று தளிரை மூழ்கடித்துவிடும்.

பாக்டீரியாவுக்கு உரிய இடம், கன்றை நிழல்வலைக் கூடத்தில் வெளிச்சூழலுக்குப் பழக்கும் கடினப்படுத்தும் கட்டம் என்பதே என் கருத்து. குடுவையைவிட்டு வெளிவரும் கன்றின் இலையில் மெழுகுப்பூச்சு மெல்லியது, இலைத்துளைகள் சரியாக மூடுவதில்லை, வேரில் தூவிகள் குறைவு. அதோடு, மண்ணில் காத்திருக்கும் நோய்க்கிருமிகளுக்கு எதிராக வேர்ப்பகுதியில் இடம்பிடித்திருக்க வேண்டிய நுண்ணுயிர்க் கூட்டமும் இல்லை. வேரில் ஒட்டிய ஊடகத்தை முழுவதும் கழுவி நீக்கியபின், சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் அல்லது பேசில்லஸ் சப்டிலிஸ் கரைசலில் நனைத்துத் தென்னைநார்க் கழிவில் நட்டால், அந்த வெற்றிடத்தில் அவை முதலில் குடியேறுகின்றன. செடி திடீரென்று பெருத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நான் கண்ட பலன், நாற்றுத் தட்டில் அழுகல் குறைந்து கன்றுகள் ஒரே சீராக நின்றதுதான். அதே வாரத்தில் தாமிரப் பூஞ்சைக்கொல்லியையும் ஊற்றினால் அந்தப் பலனும் போய்விடும்.

பேசில்லஸ் பொட்டலத்தை மட்டும் நிழல்வலைக் கூடத்திலேயே பிரிக்க வேண்டும். அதன் வித்துகள் ஆல்கஹாலில் சாவதில்லை. அதைக் கையாண்டவர் உடை மாற்றாமல் வளர்ப்பறைக்குள் நுழைந்தால், தட்டில் காவலாக இருந்த அதே பாக்டீரியா குடுவைகளில் வெண்படலமாகப் பரவிவிடும்.