அங்கிள் ரோஜரும் வடித்த சோறும்

சமையல் வீடியோக்களைப் பார்த்துக் கேலி செய்யும் அங்கிள் ரோஜர் வீடியோக்களை விடாமல் பார்க்கிற ஆள் நான்; அங்கிள் ரோஜர் என்பது நைஜல் இங் போடும் வேஷம். கோலாலம்பூரில் பிறந்து லண்டனில் மேடை நகைச்சுவை செய்துகொண்டிருந்த நைஜல் இங், 2020 ஜூலையில் ஆரஞ்சு சட்டையை மாட்டிக்கொண்டு பிபிசியின் முட்டை ஃப்ரைட் ரைஸ் வீடியோவைப் பார்த்துப் பதறினாரே, அதில்தான் உலகம் முழுக்கப் பிரபலமானார்.

அங்கிள் ரோஜராக அவர் பேசும் ஆங்கில உச்சரிப்பு ஆசியர்களைக் கேலிப்பொருளாக்குகிறது என்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த சீன வம்சாவளியினர் சிலர் கோபப்பட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அதே தொனியில் கிண்டல் செய்யப்பட்டவர்களுக்கு அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் அவர் சலிப்பில் சொல்லும் 'ஹையா'வும் வியப்பில் சொல்லும் 'ஃபுயோ'வும் மலேசியத் தெருவில் சாதாரணமாகக் காதில் விழுவது. தன் ஊர்ப் பெரியவர்களின் பேச்சை அவர் எடுத்துப் பேசுவதை, வெளியாள் ஒருவர் செய்யும் நக்கலோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு அவரைப் பிடிப்பதற்குக் காரணம் அதுவும் இல்லை, திட்டுவதில் விஷயம் இருக்கிறது. பிரிட்டிஷ் சமையல்காரர் ஜேமி ஆலிவர் ஃப்ரைட் ரைஸில் சில்லி ஜாம் போட்டபோது ரோஜர் தலையில் அடித்துக்கொண்டது வெறும் நடிப்பு இல்லை, ஜாமின் ஈரமும் சர்க்கரையும் சோற்றை வறுபட விடாமல் பிசுபிசுப்பாக்கிவிடும். இன்னொரு பிரிட்டிஷ் சமையல்காரர் கார்டன் ராம்சே இந்தோனேசியாவில் அந்த ஊர் ஃப்ரைட் ரைஸான நாசி கோரெங் செய்ததைப் பார்த்து மனசாரப் பாராட்டவும் செய்தார்.

எம்எஸ்ஜி, அதாவது நாம் அஜினோமோட்டோ என்று சொல்லும் சுவையூட்டி விஷயத்தில் ரோஜருக்கு ஒரு பெரிய நன்றி சொல்ல வேண்டும். 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் இகேடா 'கொம்பு' என்ற கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த சுவை அது, தக்காளியிலும் சீஸிலும் இருக்கிற அதே குளூட்டமேட்தான். 1968இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த வாசகர் கடிதம் கிளப்பிய பயம் இன்னும் ஓயவில்லை, நம் வீடுகளிலும் அஜினோமோட்டோ என்றாலே விஷம் என்றுதான் பேச்சு. சமையலில் வழக்கமாகப் போடுகிற அளவில் அது கெடுதல் என்று ஆய்வுகள் நிரூபிக்கவே இல்லை. எத்தனையோ கட்டுரைகள் பொறுமையாக விளக்கிப் பார்த்த விஷயத்தை இவர் சிரிக்கவைத்தே கொண்டுசேர்த்தார்.

சரி, எனக்குக் குறை இருப்பது அந்த முதல் வீடியோவில்தான். அந்த பிபிசி வீடியோவில் சமைத்துக்காட்டிய ஹெர்ஷா படேல் சோற்றை வடிகட்டினார் என்பதே பெரிய குற்றமாகிவிட்டது. வெந்த சோற்றைக் குழாய்த் தண்ணீரில் அலசியது தப்பு, அதில் நானும் ரோஜர் கட்சி. ஆனால் வடிப்பதில் என்ன தப்பு? தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கஞ்சி வடித்துத்தான் சோறு ஆக்கியிருக்கிறோம், வங்காளத்திலும் அப்படித்தான். ரைஸ் குக்கர் ஆசியாவின் ஒரு வழி, அதுவே மொத்த ஆசியா இல்லை. ஆசிய உணவைத் தெரியாமல் பேசுகிறார்கள் என்று கோபப்படுகிறவர், பாதி ஆசியாவை மறந்துவிட்டுக் கோபப்படுவது எனக்கு உறுத்துகிறது. அந்தக் கேலிக்குப் பிறகு எத்தனை பேர் ஹெர்ஷாவைத் திட்டினார்கள்! அது பிபிசி கொடுத்த செய்முறை, செய்துகாட்டியது மட்டும்தான் அவர். அப்புறம் இருவரும் சேர்ந்தே வீடியோ போட்டார்கள், அது நல்ல விஷயம்.

நம்மூர் தள்ளுவண்டி ஃபாஸ்ட் ஃபுட் கடைகளில் பாருங்கள். அரிசியை முக்கால் பதத்தில் வடித்து, அகலமான பேசினில் கொட்டி, கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கிளறி ஆறவிடுவார்கள். ராத்திரி எட்டு மணிக்கு அதை அள்ளிச் சட்டியில் போட்டுப் பெரிய தீயில் புரட்டும்போது ஒரு பருக்கைகூட இன்னொன்றோடு ஒட்டாது. அதை ரோஜர் ஒருநாள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வீடியோ போட வேண்டும்.