வரித்தலை வாத்தைப் பார்த்தாச்சு!

மார்கழிப் பனி விலகுமுன்னே நெல்லையிலிருந்து கிளம்பிட்டோம். இத்தனை வருஷமா பறவை பார்க்கப் போனது தாமிரபரணிக் கரையும் பக்கத்துக் குளங்களும்தான். இந்தத் தடவை போன இரண்டு குளமுமே எங்களுக்குப் புது இடம்.

முதலில் விஜயநாராயணம் பெரியகுளம். ஊசிவால் வாத்துகள் எங்கேயோ தூரத்தில், வெயிலுக்கு எதிரே. சரியாகத் தெரியவில்லை.

கூந்தன்குளத்தில்தான் அப்படியே நின்றுவிட்டேன். கரையோரம் முப்பது நாற்பது வரித்தலை வாத்துகள்! வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடு, மஞ்சள் அலகு. ஒன்று மட்டும் ஒற்றைக்காலில் நின்று, அலகை முதுகில் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருகிற இனம். தொண்டை அடைத்துக்கொண்டது.

ஊருக்குள் மரமெல்லாம் சங்குவளை நாரைகள். கூடு கட்டக் குச்சியோடு வந்து இறங்குகின்றன, ஓட்டு வீடுகளெல்லாம் எச்சம். வாசல் கழுவிக்கொண்டிருந்த ஆச்சியிடம் கேட்டேன். "பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த புள்ளைய தம்பி, வெரட்டவா முடியும்?" என்றார். தீபாவளிக்கு இங்கே வெடி போடுவதில்லை. 1994-ல் அரசு சரணாலயமாக அறிவித்தது. ஊர்க்காரர்கள் அதற்கு வெகுமுன்பிருந்தே காத்து வருகிறார்கள்.

போகிறவர்கள் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். சத்தம் மட்டும் வேண்டாம்.