லெந்து நாட்குறிப்பு: நாளுக்கு ஓர் அதிகாரம்

மார்ச் 5, 2025 – சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தின உபவாசக் காலம்தான் லெந்து; நெற்றியில் சாம்பல் பூசி இன்று தொடங்குகிறது. இந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 20. இன்று முதல் அதற்கு முந்தின நாள் வரை 46 நாட்கள். ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள் என்பதால் உபவாசக் கணக்கில் வராது. ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரம், லூக்காவில் 24. சேர்த்தால் அதுவும் 40. நாளுக்கு ஒன்று. இன்று மாற்கு 1. மாற்கு முடிவது மார்ச் 22 சனிக்கிழமை. 24 முதல் லூக்கா.

"நேரம் கிடைக்கும்போது வாசிப்போம்" என்று வைத்த வீட்டில் முதல் வாரமே வாசிப்பு நின்றுபோகும். வீட்டில் தினமும் தவறாமல் நடக்கிற ஒரு வேலையோடு கட்டிவிட வேண்டும்: காலைக் காப்பி இறக்கியதும், அல்லது இரவுச் சாப்பாட்டுத் தட்டை எடுப்பதற்கு முன். பக்தி வந்த பிறகு வாசிப்பதற்குக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் காத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

சபைக்குச் சாம்பல் தயாரிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. போன வருடக் குருத்தோலையை இரும்புச் சட்டியில் எரிக்கும்போது முழுக்கத் திறந்து வைத்தால் வெளிர்ச் சாம்பல்தான் மிஞ்சும், நெற்றியில் தெரியாது. பாதி எரிந்ததும் மூடிபோட்டு அணைத்தால் கரியாகி நல்ல கறுப்பாக வரும். அரைத்து மெல்லிய துணியில் சலித்து, தேங்காய் எண்ணெய் சில துளி விட்டுக் குழைக்கவும். தண்ணீர் கூடவே கூடாது. சாம்பலும் தண்ணீரும் சேர்ந்தால் காரமாகித் தோலைப் புண்ணாக்கிவிடும்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று புது அதிகாரம் கிடையாது. விட்டுப்போனதை வாசிக்கவே ஞாயிறு. அதிலும் இரண்டு அதிகாரத்துக்கு மேல் போக வேண்டாம். மூன்று நான்கு விட்டுப்போயிருந்தால் அவற்றை அப்படியே விட்டுவிட்டு நாளைய மாற்கு 5-ல் சேர்ந்துகொள்ளலாம். லெந்து வாசிப்பு நிற்பதற்குப் பெரிய காரணம் சோம்பல் அல்ல, பாக்கி. ஐந்து அதிகாரம் பாக்கி என்றதும் வேதப்புத்தகத்தைப் பார்த்தாலே கடன்காரரைப் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

மார்ச் 11, செவ்வாய்

மாற்கு 6. மொத்தம் 56 வசனம். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இன்றுதான் நெளிவார்கள்.

ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிக்கும் பழக்கம் நம் குடும்ப ஜெபத்தில் உண்டு. கதைப் பகுதிக்கு அது ஒத்துவராது. தன் வசனம் எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருக்கிற பிள்ளை நடுவில் வாசித்த எதையும் கேட்காது. பகுதியாகப் பிரித்துக் கொடுங்கள்: யோவான்ஸ்நானன் கொலை (14–29) ஒருவருக்கு, ஐந்து அப்பமும் இரண்டு மீனும் (30–44) ஒருவருக்கு, கடல்மேல் நடந்தது (45–52) இன்னொருவருக்கு. எல்லார் கையிலும் ஒரே மொழிபெயர்ப்பு இருக்கட்டும். ஒருவரிடம் பழைய மொழிபெயர்ப்பும் மற்றவரிடம் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பும் இருந்தால் ஆள் மாறும் இடத்தில் பெயர்களே மாறும். செல்போனில் வாசிப்பவர்கள் ஃபிளைட் மோடில் போட்டுவிடுவது நல்லது.

மார்ச் 18, செவ்வாய்

மாற்கு 12. கடைசியில் ஏழை விதவை காணிக்கை போட்ட இரண்டு காசு (41–44).

லெந்துக்காகக் கவிச்சி நிறுத்திய வீடுகளில் அந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்க்க இது நல்ல நாள். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துக் காணிக்கை போடலாம் என்றால் அது ஏற்கெனவே கேஸ் சிலிண்டராகவோ பள்ளிக்கூடக் கட்டணமாகவோ மாறியிருக்கும். கறியோ மீனோ வாங்காத அதே நாள், அதே தொகையை உண்டியல் டப்பாவில் போட்டுவிட வேண்டும். ஒரு சீட்டில் தேதியும் தொகையும் எழுதி உள்ளேயே வைக்கலாம். கறிக்குப் பதில் பனீரும் காளானும் வாங்கினால் டப்பாவுக்கு ஒன்றும் வராது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டை விட வேண்டாம். சர்க்கரை இறங்கி மயக்கம் வருவது உபவாசம் ஆகாது. அவர்கள் டிவி தொடரையோ இரவுச் செல்போனையோ விடட்டும்.

மார்ச் 24, திங்கள்

லூக்கா 1: புதிய ஏற்பாட்டிலேயே அதிக வசனமுள்ள அதிகாரம், 80. ஒரே மூச்சில் வேண்டாம். காலையில் 1–38, இரவில் 39–80. மரியாளுக்குத் தூதன் சொன்ன பகுதி காலைப் பங்கில் முடியும். நாளைக்குத்தான், கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒன்பது மாதம் முன்பு, அதன் திருநாள். இரவுப் பங்கில் இரண்டு பாட்டு உண்டு: மரியாளின் பாட்டு (46–55), சகரியாவின் பாட்டு (68–79). ஆங்கிலிக்கன் முறைமையில் முன்னது மாலை ஆராதனைக்கும் பின்னது காலை ஆராதனைக்கும் உரியவை. ராகம் தெரிந்தவர்கள் பாடிவிடலாம்.

ஏப்ரல் 3, வியாழன்

லூக்கா 10. இயேசுவை வீட்டில் ஏற்று, பரிமாறும் வேலையில் தவித்த மார்த்தாள் வருகிற இடம். இதை வைத்து அடுப்படியில் நிற்கிற பெண்களைக் குறை சொல்லும் பிரசங்கங்கள் போதும். 40-ஆம் வசனத்தையும் 41-ஆம் வசனத்தையும் நிதானமாக வாசித்தால், இயேசு கண்டிப்பது அவள் கவலையையும் கலக்கத்தையும்தான் என்று தெரியும்.

வேலையும் ஜெபமும் சேரவே முடியாது என்பதும் சரியல்ல. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கர்மேல் துறவற சபை மடத்தின் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களின் நடுவிலேயே தேவ சமுகத்தைப் பழகியவர். நம் வீட்டுக்கு ஒரு எளிய முறை: துவைத்த துணியை மடிக்கும்போது அது யாருடைய சட்டையோ அவருக்காக ஜெபிப்பது. "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்று வேண்டாம். அவருக்கு இந்த வாரம் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள்: பரீட்சை, ஸ்கேன், முதலாளியோடு பேச்சு. கண் திறந்தே இருக்கலாம். கேட்டதைத் தேதியோடு எழுதி வைத்தால், நடந்தபோது நன்றி சொல்ல மறக்காது. எழுதாவிட்டால் மறந்தே போகும்.

ஏப்ரல் 12, சனி

லூக்கா 18. அதில் ஆயக்காரனின், அதாவது வரி வசூலிப்பவனின், ஜெபம் (13) ஒரே வரி; பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூடச் சொல்லலாம்.

நாளை குருத்தோலை ஞாயிறு. சிலுவை செய்ய ஈர்க்கை முழுக்க நீக்கிவிடுங்கள். அது இருந்தால் மடிக்கிற இடத்தில் ஓலை கிழியும். இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் 40 செ.மீ. துண்டு ஒன்று, 24 செ.மீ. துண்டு ஒன்று, கட்டுவதற்கு அரை செ.மீ. நார் ஒன்று. நீளத் துண்டை நடுவில் மடித்தால் 20 செ.மீ. தண்டு. சின்னத் துண்டின் இரு முனையையும் நடுவில் சேரும்படி மடித்தால் 12 செ.மீ. கை. தண்டின் இரண்டு மடிப்புக்கும் நடுவே, உச்சியிலிருந்து ஆறு செ.மீ. கீழே, கையை நுழைத்து, நாரால் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றிப் பின்னால் செருகவும். ஓலை காய்ந்தால் சுருங்கும். இன்று இறுக்கமாக இருக்கிற கட்டு புதன்கிழமை தளர்ந்துவிடும். கட்டும் நாரை மட்டும் கொஞ்ச நேரம் வாடவிட்டுக் கட்டினால் நிற்கும். ஓலையை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டால் கறுக்கும். ஈரத்துணியில் சுற்றி வைத்தாலே போதும். வார்னிஷ், ஜிகினா எதுவும் வேண்டாம், பிற்பாடு சாம்பலுக்கு உதவாது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள், பள்ளி விடுமுறை. லூக்கா 19: எருசலேமுக்குள் பவனி. இங்கிருந்து அதிகாரங்கள் தாமாகவே நாட்களோடு பொருந்தும்: வியாழன் 22, இராப்போஜனம்; வெள்ளி 23, சிலுவை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

லூக்கா 23-ஐ மட்டும் வாசித்தால் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் மூன்றுதான் கிடைக்கும்: 34, 43, 46-ஆம் வசனங்கள். இன்னும் மூன்று யோவான் 19-இல் (26–27, 28, 30). "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற கூக்குரல் மாற்கு 15:34. மார்ச் 21 அன்றே வாசித்தது. அதே வார்த்தை மத்தேயு 27:46-லும் உண்டு. மூன்று மணி நேர ஆராதனைக்குப் போக முடியாதவர்கள், படுக்கையில் இருக்கிறவர்கள், இந்த ஏழையும் ஒரு தாளில் எழுதிவைத்து 12 மணிக்குத் தொடங்கி 25 நிமிடத்துக்கு ஒன்றாக வாசிக்கலாம். 3 மணிக்குள் முடியும்.

ஏப்ரல் 19, சனி

அட்டவணையில் ஒரே ஒரு இடறல்: லூக்கா 24 இன்று விழுகிறது. கல்லறை மூடிக்கிடக்கிற நாளில் உயிர்த்தெழுதலை வாசிப்பது சரியில்லை. இன்றைக்கு 23:50–56, அடக்கம்பண்ணின பகுதியை மட்டும் திரும்ப வாசித்து, 24-ஐ நாளை விடியற்கால ஆராதனை முடிந்து வந்ததும் வாசியுங்கள்.

ஏப்ரல் 21, திங்கள்

ஈஸ்டர் முடிந்ததும் வாசிப்பை விட்டுவிடுவதற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு: கோடை விடுமுறை. ஸ்கூல் வேன் வராது, காலைக் காப்பிக்குக் குறிப்பிட்ட நேரம் கிடையாது, ஊரிலிருந்து ஆள் வரும். காலையோடு கட்டியிருந்தவர்கள் இன்றே இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொள்ளட்டும். லூக்காவே எழுதிய அப்போஸ்தலர் நடபடிகள், 28 அதிகாரம். ஞாயிறு விட்டு வாசித்தால் மே 22 வியாழனன்று முடியும். இன்று 1-ஆம் அதிகாரம், 26 வசனம்.