டிரைவரைப் பையிலேயே விட வைக்கும் ஒன்பது குழிகள்

கோயம்புத்தூர்ப் பக்கம் கோல்ஃப் என்றதும் எல்லோருக்கும் செட்டிபாளையத்துப் பதினெட்டுக் குழி மைதானம்தான் நினைவுக்கு வரும். நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்குப் போகும் வழியில், பிரதான சாலையை விட்டு உள்ளே தள்ளி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு குடும்பத்தார் தங்கள் சொந்த நிலத்தில் அமைத்திருக்கும் ஒன்பது குழி மைதானத்தைப் பற்றியது இது. விளம்பரம் வேண்டாம் என்பது அவர்களுடைய விருப்பம் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். ஒரு குழியை முடிக்க நல்ல ஆட்டக்காரருக்கு ஆகும் அடிகளின் கணக்குதான் பார். பார் மூன்று குழிகள் ஐந்து, பார் நான்கு குழிகள் நான்கு, ஆக மொத்தம் பார் 31. எந்தக் குழியும் 300 யார்டைத் தாண்டுவதில்லை. குழிகளின் தூரம் எழுதிய அட்டையை வாங்கிப் பார்க்கும் எவருக்கும், குறிப்பாகச் சமீபத்தில் விலையுயர்ந்த டிரைவர் (மிக நீண்ட தூரம் அடிப்பதற்கான மட்டை) வாங்கியவருக்கு, உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். மூன்றாவது குழிக்குள் அந்தச் சிரிப்பு காணாமல் போய்விடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இங்கே தண்டனை தூரத்தில் இல்லை, ஓரங்களில் இருக்கிறது. இந்தப் பகுதியின் தோட்டங்களுக்கே உரிய கிளுவை வேலிதான் மைதானத்தின் எல்லை. அதை ஒட்டி வெள்ளைக் குச்சிகள் நட்டிருக்கிறார்கள். பந்து வேலியைத் தாண்டினால் ஓர் அடி அபராதத்துடன், அடித்த இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி அடிக்க வேண்டும். மறுபக்கம் தென்னை வரிசை. நடுவில் குழி வரை நீளும் ஆடுபாதையான ஃபேர்வே, மழை இல்லாத மாதங்களில் பந்தைத் தாங்கிப் பிடிக்காத இறுகிய செம்மண்ணின் மேல் படர்ந்த மெல்லிய புல். அதில் விழும் பந்து எங்கே விழுந்தது என்பதைவிட எங்கே போய் நின்றது என்பதுதான் கேள்வி. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீன்களோ, பெரிய மைதானங்களில் ஆடிப் பழகிய கண்ணுக்குப் பாதிதான் கட்டி முடித்திருக்கிறார்களோ என்று தோன்றும் அளவுக்குச் சிறியவை.

ஆறாவது குழியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மைதானத்தின் சூட்சுமம் முழுவதும் அதில் இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 270 யார்டு. 190 யார்டில் ஒரு வறண்ட ஓடை குறுக்கே போகிறது. அதைத் தாண்டியதும் ஃபேர்வே தென்னை வரிசைக்கும் வேலிக்கும் இடையே குறுகி, சரளைக் கற்கள் துருத்தும் கட்டாந்தரையாக மாறுகிறது. கிரீன் முன்னிருந்து பின்னோக்கிச் சரிகிறது. அதற்குப் பின்னால் ஒரு பள்ளம், அதன் அடியில் வாய்க்கால். முதல் அடி அடிக்கும் இடமான டீயில் நின்று பார்த்தால் குழியில் நட்ட கொடி கைக்கெட்டும் தூரத்தில் ஆடுவதுபோல் இருக்கும். 230 யார்டு அடிக்கக்கூடியவர் ஓடையைத் தாண்டி, கொடிக்கு 40 யார்டில் பந்தைக் கொண்டு போய் நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போடுவார். கணக்கு சரிதான். ஆனால் அந்த 40 யார்டை எந்தத் தரையிலிருந்து அடிக்கப் போகிறார் என்பது அந்தக் கணக்கில் வராது. இறுகிய தரையில், குறுந்தூரத்துக்குப் பந்தை உயர்த்தி அடிக்கும் வெட்ஜ் மட்டைகளில் ஒன்றான சாண்ட் வெட்ஜின் தடித்த அடிப்பாகம் மண்ணுக்குள் இறங்காமல் எகிறும். முன்விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டு, பந்து தாழப் பறந்து கிரீனைத் தாண்டிவிடும். சுத்தமாகவே அடித்தாலும், பாதி வீச்சில் கிடைக்கும் பின்சுழற்சி, விலகிச் சரியும் கிரீனில் பந்தை நிறுத்தப் போதாது.

அங்கே கேடியாக (ஆட்டக்காரரின் பையைச் சுமந்து யோசனை சொல்பவராக) இருப்பவர் பக்கத்து ஊர்க்காரர், என்னைவிட மூத்தவர். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். புதிதாக வருபவர் ஆறாவது டீயில் டிரைவரின் உறையைக் கழற்றத் தொடங்கியதும் அவர் குரலை உயர்த்தாமல் சொல்வார்: "அதைப் பையிலயே வெச்சிருங்க சார். அஞ்சாம் நெம்பர் அயர்ன் போதுமுங்க. ஓடைக்கு இந்தப் பக்கமே நின்னுக்கலாம்." அயர்ன் என்பது இரும்புத் தலை மட்டை; எண் கூடக் கூடப் பந்து போகும் தூரம் குறையும். ஐந்தாம் எண் அயர்னில் 175 யார்டு அடித்தால் மீதம் 95. அது பெரும்பாலானவர்களுக்கு வெட்ஜின் முழு வீச்சுத் தூரம். உயரத்திலிருந்து, முழுச் சுழற்சியோடு இறங்கும் பந்து அந்தச் சரிவிலும் நிற்கும். கொடியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்து, முதல் அடி எங்கே விழ வேண்டும் என்று கடைசியில் முடிவு செய்வதே இந்தக் குழியை ஆடும் முறை.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அது பலமானதும்கூட. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களின் அடிகள் ஒவ்வொன்றையும் பதிவு செய்த தரவுகளை ஆராய்ந்து, "பிடித்த தூரத்தில் நிறுத்துவது" என்ற பழைய அறிவுரையைக் கேள்விக்குள்ளாக்கினார். சராசரியாகப் பார்த்தால் கொடிக்கு எவ்வளவு நெருங்குகிறோமோ அவ்வளவுக்கு அடிகள் குறைகின்றன என்பதே அவருடைய முடிவு. அவருடைய முறையைத்தான் 2011 முதல், கிரீனில் பந்தை உருட்டிக் குழிக்குள் தள்ளும் புட்டிங்கை அளக்க டூர் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. எங்கள் நண்பர் குழுவில் மென்பொருள் துறையில் இருக்கும் தம்பி ஒருவர் இதை எடுத்து வைத்து வாதாடாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. நான் சொல்வது இதுதான்: சராசரி என்பது பல நூறு குழிகளுக்கும், நன்கு நீர் பாய்ச்சிய ஃபேர்வேகளுக்கும், கட்டாந்தரையில் பந்தை மட்டும் கிள்ளி எடுக்கத் தெரிந்த கைகளுக்கும் சேர்த்துக் கிடைத்த விடை. வேலியும் ஓடையும் சரளையும் பின்சரிவும் ஒரே குழியில் சேரும்போது, அந்த ஒரு குழிக்கான விடை வேறாக இருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. இதே மைதானத்தின் இரண்டாவது குழியில், கிரீன் முன்னோக்கிச் சரிந்து வாய் திறந்து கிடப்பதால், நானும் பிராடியின் பக்கம்தான். அங்கே கிரீனுக்கு எவ்வளவு அருகில் போக முடியுமோ அவ்வளவு போவேன்.

அடுத்தது காற்று. வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் நடுவில், 30 கிலோமீட்டருக்கும் அதிக அகலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகப் பிதுங்கி வேகமெடுத்து வருவதை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. மேற்கு பார்த்த ஏழாவது குழி 115 யார்டு பார் மூன்று. தை மாதத்தில் பிட்சிங் வெட்ஜ் போதுமான அந்தத் தூரத்துக்கு ஆடியில் ஏழாம் எண் அயர்ன் தேவைப்படும். எதிர்காற்றில் ஓங்கி அடிப்பது வீண். வேகம் கூடக் கூடப் பின்சுழற்சியும் கூடி, பந்து மேலே எழும்பி அப்படியே நின்று செங்குத்தாக இறங்கிவிடும். அதிக தூரம் போகும் அயர்னை எடுத்து, பிடியைத் தாழ்த்தி, முக்கால் வீச்சில் மெதுவாக அடிப்பதே வழி. டீ தோப்பின் மறைவில் இருப்பதால் கீழே காற்றே தெரியாது. புல்லைக் கிள்ளித் தூவினால் காலடியிலேயே விழும். "கீழ ஒண்ணுந் தெரியாதுங்க சார், ஓலை நுனியப் பாருங்க" என்று அண்ணா கையைக் காட்டுவார். நிமிர்ந்து பார்த்தால், அடியோலைகள் அசையாமல் தொங்க, உச்சிக் குருத்தோலைகள் மட்டும் கிழக்கே வாரி விடப்பட்டதுபோல் படிந்து கிடக்கும்.

புட்டிங்கில் கவனிக்க வேண்டியது புல்லின் போக்கு. பெர்முடா வகைப் புல் நேராக நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். சாய்ந்த திசையில் உருளும் பந்து ஓடும், எதிர்த் திசையில் உருளும் பந்து தயங்கும். வெளிச்சத்தில் பளபளப்பாகத் தெரிந்தால் புல் நம்மைவிட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது, கருமையாகத் தெரிந்தால் நம்மை நோக்கி. இன்னும் உறுதி வேண்டுமானால் குழியின் விளிம்பைக் குனிந்து பார்க்கலாம்: ஒரு பக்கம் வெட்டினாற்போல் சுத்தமாகவும், எதிர்ப்பக்கம் பழுப்பேறிச் சிதைந்தும் இருக்கும். சிதைந்த பக்கத்தை நோக்கித்தான் புல் வளர்கிறது. நாலேகால் அங்குல அகலக் குழியின் விளிம்பில் இத்தனை செய்தி இருக்கிறது.

குட்டைக் குழிகள் பெரியவர்களையும் விட்டு வைத்ததில்லை. ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூன் மைதானத்து எட்டாவது குழி, 'அஞ்சல் தலை' என்று பெயர் பெற்றது, வெறும் 123 யார்டு. 1950 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் ஹெர்மன் டிஸ்ஸீஸ் என்ற ஜெர்மானிய அமெச்சூர் அதில் 15 அடிகள் எடுத்தார். அதே குழியில் 1973-இல், 71 வயது அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சராசன் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டார். மறுநாள் மணற்பள்ளமான பங்கரில் பந்து விழுந்தும் இரண்டாவது அடியிலேயே முடித்தார். நம் நாட்டில் தொழில்முறை ஆட்டக்காரர் எஸ்.எஸ்.பி. சௌராசியாவைச் சொல்லலாம். ராயல் கல்கத்தா மைதானத்தில் புல் பராமரித்தவரின் மகன்; நீண்ட தூரம் அடிப்பவர் அல்லர். இருபுறமும் புதர் நெருங்கும் டெல்லி கோல்ஃப் கிளப்பில் 2008-இல் இந்தியன் மாஸ்டர்ஸையும் 2016-இல் இந்தியன் ஓப்பனையும் வென்றார். கிரீனைச் சுற்றிய அவருடைய கைவண்ணத்தைப் பார்த்துச் சக ஆட்டக்காரர்கள், குட்டையாகத் தூக்கி அடிக்கும் 'சிப்', உருட்டும் 'புட்' இரண்டையும் அவர் பெயரோடு சேர்த்து வைத்த செல்லப்பெயர் 'சிப்புட்சியா'.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டுக் குழி மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலமும் அதற்கேற்ற தண்ணீரும் வேண்டும். ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி போயும் புகை மட்டும் வரும் ஊர்களில் அதைக் கேட்பது நியாயமாகப் படவில்லை. ஒருகாலத்தில் வறண்ட ஊர்களின் மைதானங்களில் புல்லுக்குப் பதிலாக எண்ணெய் கலந்த மணலால் 'பிரவுன்' அமைத்து ஆடினார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். டீ, கிரீன், அவற்றைச் சுற்றிய சிறு பகுதி ஆகியவற்றுக்கு மட்டும் நீர் பாய்ச்சும் இத்தகைய குறு மைதானங்களே கொங்கு மண்ணுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து.

போக நினைப்பவர்கள் ஐந்தாம் எண், ஏழாம் எண், ஒன்பதாம் எண் அயர்ன்கள், இரண்டு வெட்ஜ்கள், கிரீனில் பந்தை உருட்ட ஒரு பட்டர் மட்டை ஆகியவற்றை எடுத்துக்கொண்டால் போதும். காற்றோடு மல்லுக்கட்ட விரும்புகிறவர்கள் ஆடியில் போகலாம். மார்கழி, தை மாதங்களில் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து கணவாயை நோக்கி வீசும். அப்போது ஏழாவது குழியில் கிரீனைத் தாண்டிப் போகாமல் இருப்பதே பெரும்பாடு.