பிபிசி மைக்ரோவுக்கு ஒரு தட்டைத் திரை

பழைய கம்ப்யூட்டரைத் தேடிப் பிடிப்பதைவிட, அதற்குத் தோதான மானிட்டர் கிடைப்பதுதான் பெரிய பாடு. 1984இல் கம்ப்யூட்டர் கற்பிக்கும் கிளாஸ் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்ததே பிபிசி மைக்ரோ, அதில் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் படம் டிவிக்குரிய 15.625 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 15,625 வரிகளாக வரும், கம்ப்யூட்டர்களுக்கென்று பின்னால் வந்த விஜிஏ இணைப்பு மானிட்டரோ குறைந்தது 31 கேட்கும். டவுன்ஹால் ரோட்டில் கடைக்காரர், "அண்ணே, எல்லாம் ஓடும், எடுத்துட்டுப் போங்க" என்பார். மாட்டினால் கறுப்புத் திரையில் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று ஒரு சின்னப் பெட்டி மிதக்கும், அவ்வளவுதான்.

பென்க்யூ பிஎல்702ஏ போன்ற சில சதுர எல்சிடிகள் 15ஐ ஏற்கும். விவரச்சீட்டை மட்டும் நம்ப வேண்டாம், 30 முதல் என்று அச்சடித்தது சில சமயம் 15ஐயும் வாங்கிக்கொள்ளும். ஆனால் பிபிசி மைக்ரோவின் ஆர்ஜிபி முனை (சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகத் தரும் இணைப்பு) தருவது 5 வோல்ட் டிஜிட்டல் சிக்னல் (டிடிஎல்), விஜிஏவுக்கு 0.7 போதும், ஆகவே நடுவில் ரெசிஸ்டர் போடாமல் நேராகச் செருகாதீர்கள்.

இவ்வளவு மல்லுக்கட்ட முடியாதென்றால் படத்தை ஹெச்டிஎம்ஐக்கு மாற்றித் தரும் ஆர்ஜிபி-டு-ஹெச்டிஎம்ஐ போர்டு வாங்கிவிடலாம். அதிலுள்ள ராஸ்பெரி பை ஜீரோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் படத்தைப் புள்ளி புள்ளியாகப் படித்து அனுப்புவதால் எழுத்து ஊசி முனை போல நிற்கும். படத்தை விஜிஏவுக்கு மாற்றும் ஜிபிஎஸ்-8200 (GBS-8200) போர்டு விலை மலிவு, எழுத்துதான் கொஞ்சம் மழுங்கும். அப்புறம், பிபிசி மைக்ரோ நொடிக்கு 50 முறை படத்தைப் புதுப்பிக்கும், அந்த 50 ஹெர்ட்ஸை மானிட்டர் ஏற்குமா என்று கடையிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள், பல மானிட்டர்கள் 60க்குக் கீழே இறங்காது.